சிறப்புரைக்கு முன் பதினொரு பேர்

பதினைந்து நாளைக்கு முன், திண்டிவனத்தில், நான் மேடையில் உட்கார்ந்திருக்க, என் கண்ணெதிரே ஒரு அம்மா எழுந்து போனார்.

கூட்டத்தில் யாராவது எழுந்து போவது எனக்குப் புதிதல்ல. முப்பது வருடமாக மேடை ஏறுகிறேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், பாத்ரூம் போவதுபோல் போய்த் திரும்பாதவர்கள், செருப்பைத் தேடுகிற சாக்கில் நழுவுகிறவர்கள்... எல்லா வகையும் பார்த்தாயிற்று. ஆனால் இந்த அம்மா அப்படிப் போகவில்லை. வாசல்வரை போய் நின்றார். திரும்பி மேடையைப் பார்த்தார். குறிப்பாக என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த வாட்ச்சைப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று படி இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் வாசகர் வட்டம் இந்த வருடம் ஒரு நல்ல காரியம் செய்தது. ‘சீனா — நேற்றும் இன்றும்’ என்று ஆறு சனிக்கிழமை மாலைகள், ஆறு பொதுச் சொற்பொழிவுகள். பேசுகிறவர் சுமதி. வளவனூர்க்காரர். தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் வேலையாகக் குவாங்சோ நகரத்துக்குப் போய், பதினொரு வருடம் அங்கேயே இருந்து, மொழி கற்று, சந்தையில் பேரம் பேசி, வாடகை வீட்டுக்கார அம்மாவோடு சண்டை போட்டு, சமாதானமாகி... அப்படி ஒரு நாட்டைத் தெரிந்துகொண்டவர். நாலு புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிறவர் அல்ல. அப்படிப் பேசுகிறவன் நான். ஆகவே என்னைத் தலைவராகப் போட்டார்கள்.

முதல் சொற்பொழிவுக்கு விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி, அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். மாடி ஹாலின் வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் மஞ்சள் பை.

“சார், சைனாவப் பத்திப் பேசறது இங்கதானுங்களா?”

“இங்கேதாம்மா. உள்ளே போய் உட்காருங்க.”

“எனக்கு ஒரு விசயம் கேட்டுக்கணும் சார். அதுக்குத்தான் ஓமந்தூருல இருந்து வர்றேன்.”

பெயர் கஸ்தூரி. ஓமந்தூரிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். கணவர் இல்லை. சொந்த நிலத்தில் நெல்லும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிறார். ஒரே மகன், ஷாங்காயில் இன்ஜினியர். கூட வேலை பார்க்கும் சீனப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். கம்பெனி அவனைச் சென்னைக்கு மாற்றுகிறது. பெண்ணும் இங்கேயே வந்துவிடப் போகிறாள். அடுத்த மாதம் திருவக்கரைக் கோயிலில் கல்யாணம். அதற்குப் பெண்ணும், பெண்ணைப் பெற்ற அம்மாவும் வருகிறார்கள்.

“அந்தம்மா பத்து நாளு எங்க வூட்லதான் தங்கப் போறாங்க சார். இன்னா துன்னுவாங்க, எப்டிக் கூப்புடணும், எத்தச் செஞ்சா தப்பா எடுத்துக்குவாங்க... ஒண்ணும் தெரில. புள்ளயக் கேட்டா, ‘நீ ஒண்ணும் பண்ணாதம்மா, சும்மா இரு’ன்றான். சம்பந்தி வூட்டுக்கு வந்தா சும்மா இருக்க முடியுமா?”

முடியாதுதான்.

“மேடம் பேசி முடிச்சதும் கேள்வி நேரம் இருக்கும்மா. நானே உங்களை முதல்ல கேட்க வைக்கிறேன்” என்றேன்.

“எட்டே காலுக்கு டவுன் பஸ்ஸு சார். அத்த வுட்டா மெயின் ரோட்ல எறங்கி இருட்டுல நடக்கணும்.”

“அஞ்சரைக்கு ஆரம்பம். ஏழு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்” என்றேன். மனமறிந்து பொய் சொல்லவில்லை. பழக்கத்தில் சொன்னேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஐந்தரைக் கூட்டம் ஆறு மணிக்கு ஆரம்பித்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஃபேன் காற்றில் அணைந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்றினார்கள். வரவேற்புரை ஒருவர். தலைமையுரை நான். முன்னிலை மூன்று பேர் — முன்னிலை என்றால் சும்மா முன்னால் இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அவர்களும் பேசுவார்கள். வாழ்த்துரை ஐந்து பேர். பிறகு சுமதியை அறிமுகப்படுத்த ஒருவர். மொத்தம் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ.

இதில் பெரிய பாவி யார்? வேறு யார்... நான்தான். முப்பத்தைந்து நிமிடம் பேசினேன்!

என்ன பேசினேன் என்று கேட்கிறீர்களா? சீனாவைப் பற்றித் தமிழ்நாட்டு மேடையில் என்ன பேசுவோமோ அதைத்தான். காஞ்சியிலிருந்து அங்கே போன துறவி. அங்கிருந்து காஞ்சிக்கு வந்த யாத்ரீகர். பட்டு. கப்பல். சண்டைக் கலை நம்முடையது, மருந்து நம்முடையது, ‘அவர்கள் காலையில் குடிக்கிற கஞ்சியின் பெயர்கூட நம்முடையது’ என்றேன். பலத்த கைதட்டல். சீனாவைப் பற்றிப் பேச எழுந்தால் நாம் ஏன் நம்மைப் பற்றியே பேசிவிட்டு உட்காருகிறோம்? அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே, அதில் எவ்வளவு நாம் கொடுத்தது என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். அன்று அந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த திருப்தியோடு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் மணி பார்த்தேன். ஏழாகப் போகிறது.

மற்றவர்கள் பேசப் பேச எனக்குக் கால் ஆட ஆரம்பித்தது. மூன்றாவது வரிசை ஓரத்தில் கஸ்தூரி அம்மா. ஏழு மணிக்கே தலை சரிந்திருந்தது. ஏழேகாலுக்கும் அப்படியே. ஏழரைக்கு விழித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் மேடையைக் காட்டிக் கையை விரித்தார். நான் செயலாளர் ஏழுமலைக்குத் துண்டுச் சீட்டு அனுப்பினேன்: ‘சுருக்கமாக முடிக்கச் சொல்லவும்.’ அவர் அதைப் படித்துவிட்டு, ரிட்டையர்டு போஸ்ட் மாஸ்டர் அல்லவா, பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏழு ஐம்பதுக்குச் சுமதி மைக் முன்னால் வந்தார். எட்டரைக்கு ஹாலைப் பூட்ட வேண்டும். நன்றியுரை வேறு இருக்கிறது. மூவாயிரம் வருட வரலாற்றுக்கு அரை மணி நேரம். அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல், “தலைவர் சொன்ன கஞ்சிங்கிற பேரு இங்கிலீஷ்காரங்க நம்மகிட்ட இருந்து எடுத்தது, சீனாக்காரங்க அதுக்கு வேற பேரு வெச்சிருக்காங்க” என்று ஆரம்பித்தார். எனக்கு அது தேவைதான்.

எட்டு மணிக்குக் கஸ்தூரி அம்மா எழுந்தார். மீதியை முன்பே சொல்லிவிட்டேன்.

நினைவுப் பரிசாகச் சுமதிக்கு ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். அதை வாங்கும்போது அவர் முகத்தில் ஒரு விசித்திரமான சிரிப்பு. களைப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியில்லை. பேப்பரைப் பிரித்தால் படிப்பு ஓடவில்லை. காபி ஆறிப்போனது. ‘நானே உங்களை முதல்ல கேட்க வைக்கிறேன்’ என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த அம்மாவின் முப்பத்தைந்து நிமிடத்தைத் தின்றதும் அதே வாய். போன் நம்பரும் வாங்கி வைக்கவில்லை. ஓமந்தூருக்கு நேரில் போய், மகன் சீனாவில் இருக்கிற அம்மா யார் என்று கேட்டால் டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். போயிருக்கலாம். போகவில்லை. போய் நின்று என்ன சொல்வது என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொல்கிறேன்... கௌரவம் என்று நீங்கள் படித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பதிலாக ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

“அடுத்த சனிக்கிழமை சுமதி முதல்ல பேசட்டும். மத்தவங்க எல்லாம் அப்புறம்.”



“சார்... சிறப்புரையே மொதல்லயா?”

“ஆமாம்.”

“அப்ப தலைமையுரை?”

“கடைசியில். ரெண்டு நிமிஷம்.”

“பேஜாரு புடிச்ச வேல சார் இது. வாழ்த்துரைக்காரங்க கோச்சிக்குவாங்க. பேசி முடிச்சவங்கள இன்னான்னு சார் வாழ்த்தறது?”

“பேசப் போறவங்களையே அஞ்சு பேர் வாழ்த்தறோம். பேசி முடிச்சவங்களை வாழ்த்தக் காரணமாவது இருக்கும்.”

“கவுன்சிலரா இருந்தவரு வர்றாரு சார். அவருகிட்ட நான் எப்டி சொல்றது?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“அத்தத்தான் சார் சொல்லப் போறேன்” என்றார், சற்றும் தயங்காமல்.

வாட்ஸ்அப்பில் புது அழைப்பிதழ் போனது. தலைப்பு, ‘இன்றைய சீனக் குடும்பம்’. அந்த அம்மாவுக்கென்றே வைத்ததுபோல் தலைப்பு! ‘சரியாக மாலை 5.30 மணிக்குச் சிறப்புரை’ என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். எப்படியாவது அது ஓமந்தூர்ப் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

போன சனிக்கிழமை. ஐந்தரைக்குப் பதினேழு பேர். சுமதி பேச ஆரம்பித்துவிட்டார். ஆறு மணிக்கு ஹால் நிறைந்தது.

அடடா, என்ன பேச்சு! ஒரு மணி நேரம் ஒருவர்கூட அசையவில்லை. கல்யாணமாகாத பிள்ளைகளின் விவரத்தைத் தாளில் எழுதிக் குடையில் ஒட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களைப் பற்றிச் சொன்னார். வயது, படிப்பு, சம்பளம், சொந்த வீடு உண்டா... ஹாலில் ஜாதகக் காப்பியோடு அலைகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் அம்மாவும் தொழிற்சாலை நகரத்தில் இருக்க, கிராமத்தில் தனியாக வளரும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். சிரிப்பு நின்றது. வெயில் காலத்திலும் வெந்நீரே குடிக்கும் பழக்கத்தைச் சொன்னார். பிறகு, “அங்க யாருக்கும் கடிகாரம் மட்டும் பரிசாக் குடுக்கக் கூடாது. உன் காலம் முடியப் போவுதுன்னு சொல்ற மாதிரி எடுத்துக்குவாங்க” என்றார்.

 ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. ஏழுமலை மேஜைக்கு அடியில் எதையோ காலால் தள்ளினார். இந்த வாரமும் கடிகாரம்தான் வாங்கி வைத்திருந்தார் போலிருக்கிறது.

எல்லாம் சரி. கேள்வி நேரமும் வந்தது. நான் மூன்றாவது வரிசை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி அம்மா வரவில்லை.

ஆறே முக்காலுக்குச் சிறப்புரை முடிந்து, வாழ்த்துரை ஆரம்பித்தது. எனக்கு உட்காரவே முடியவில்லை. தண்ணீர் குடித்தேன். ஜன்னலுக்குப் போனேன், வந்தேன். இவ்வளவும் யாருக்காக மாற்றினோமோ அவருக்கு அழைப்பு போய்ச் சேரவில்லையா? கோபமா? மேடையில் ஒருவர் போனதும் ஒருவர் வந்தார்கள். முடிவில் டீயும் சுண்டலும் உண்டு என்பதால் கூட்டம் பொறுமையாக உட்கார்ந்திருந்தது.

சரியாக ஏழே முக்காலுக்கு, கஸ்தூரி அம்மா படியேறி வந்தார். புதுப் புடவை. முகத்தில் ஒரு நிம்மதி. கதவோரம் நின்றிருந்த என்னைப் பார்த்ததும்,

“கரெக்டா வந்துட்டேனா சார்? போன வாரம் மேடம் ஏழு அம்பதுக்குத்தான ஆரம்பிச்சாங்க? அதான், சோத்த வடிச்சி வெச்சிட்டு, மச்சினரு வண்டியில ஜல்தியா வந்துட்டேன். இன்னிக்கு திரும்பிப் போறதுக்கும் வண்டி இருக்குது. எவ்ளோ நேரமானாலும் இருந்து கேட்டுட்டுத்தான் போவேன்.”



“அம்மா... அழைப்பிதழ் பார்த்தீங்களா? சரியாக அஞ்சரைன்னு...”

“பாத்தனே. அது அப்டித்தான சார் போடுவாங்க?”

 ‘சரியாக’ என்று நாம் அச்சடித்து எத்தனை காலமாயிற்று... யாராவது நம்பியிருக்கிறோமா? நம்மை நம்பாமல் கணக்குப் போட்டு வந்ததற்காக அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா?

“முடிஞ்சிடுச்சும்மா” என்றேன்.

அவர் முகம் வாடியதை நான் விவரிக்கப் போவதில்லை. மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “முடிஞ்சிடுச்சா...” என்றார். மேடையில் அந்த முன்னாள் கவுன்சிலர் முழங்கிக்கொண்டிருந்தார். நான் நேராக மேடைக்குப் போய், சுமதியின் காதில் நாலு வரி சொன்னேன்.

சுமதி எழுந்தார். மேடையை விட்டு இறங்கினார். வாழ்த்துகிறவர் வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே வாழ்த்தப்படுகிறவர் இறங்கிப் போவதை இந்த மாவட்டம் இதுவரை பார்த்ததில்லை. கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கஸ்தூரி அம்மாவின் எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லுங்கக்கா. யாரு வர்றாங்க, எப்ப வர்றாங்க?”

கஸ்தூரி அம்மா சொல்லச் சொல்ல, கடைசி வரிசை திரும்பியது. பிறகு அதற்கு முந்தின வரிசை. கொஞ்ச நேரத்தில் ஹாலில் பாதி நாற்காலிகள் மேடைக்கு முதுகைக் காட்டின. கவுன்சிலராக இருந்தவர் இரண்டு முறை குரலை உயர்த்திப் பார்த்தார். பிறகு மைக்கை அணைத்துவிட்டு அவரும் வந்து நின்றுகொண்டார். வாழ்த்துரைகளில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

“மல்லாட்ட துன்னுவாங்களா?”

“நல்லா சாப்பிடுவாங்கக்கா. உப்பு போட்டு வேக வெச்சிக் குடுங்க. அங்கயும் அப்டித்தான். காரம் மட்டும் மொதல்ல கம்மியா. குடிக்க வெந்நீர் பிளாஸ்க்ல வெச்சிடுங்க.”

“இந்த வெயில்லயா?”

“இந்த வெயில்லதான். அவங்களுக்குன்னு என்ன வாங்கி வெச்சிருக்கீங்க?”

கஸ்தூரி அம்மாவின் முகம் மலர்ந்தது. “பட்டுப் பொடவ எடுத்து வெச்சிருக்கேன். அப்பறம், சாமி படம் போட்ட கடியாரம் ஒண்ணு...”

“ஐயோ, கடியாரம் வேணாம்மா!” — நாற்பது குரல்கள் ஒன்றாக. முதல் குரல் ஏழுமலையுடையது.

அந்த அம்மா பயந்தே போனார். சுமதி விளக்கிச் சொன்னதும் மாரில் கையை வைத்துக்கொண்டார். “நல்லவேள... அத்தத்தான் வந்ததும் மொதல்ல கையில குடுக்கலாம்னு இருந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சற்றுத் தலையைக் குனிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, அவர் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டார்.

“அந்தம்மாவுக்கும் வூட்டுக்காரரு இல்லயாம். ஒரே பொண்ணாம். அத்தக் கொண்டாந்து இங்க வுட்டுட்டு, ஒண்டியா திரும்பிப் போவப் போறாங்க. எனக்குப் பாஷ தெரியாது. அந்தம்மா மூஞ்சப் பாத்து நான் இன்னா சொல்லுவேன்? என் மேல கோவமா இருப்பாங்களா?”

  சுமதி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோவம் இருக்காதுக்கா. பயம் இருக்கும். நான் அங்க இருந்தப்ப எங்கம்மா வளவனூர்ல இருந்து தெனம் போன் பண்ணுவாங்க. மொதல்ல ஒண்ணுதான் கேப்பாங்க... சாப்ட்டியா? என் வீட்டுக்கார அம்மாவோட பொண்ணு வெளிநாட்டுல இருந்துச்சி. அவங்களும் போன எடுத்ததும் அதையேதான் கேப்பாங்க. அங்க பழைய ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தா வணக்கத்துக்குப் பதிலா கேக்கறதே அதான். நான் உங்களுக்கு அந்த ஒரு வார்த்தையச் சொல்லித் தர்றேன். அந்தம்மா வண்டிய விட்டு எறங்கினதும் அதக் கேளுங்க. அப்பறம் அவங்க பொண்ணப் பாத்தும் அதையே கேளுங்க. அவங்க முன்னாடியே கேளுங்க. நாம போன பிறகும் நம்ம பொண்ண இப்படிக் கேக்க ஒரு ஆளு இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

சீனத்தில் மூன்றே அசைகள்தான். கஸ்தூரி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தார். நாங்களும் கூடவே சொன்னோம், கவுன்சிலராக இருந்தவர் உட்பட. ஒன்பதாவது முறை சுமதி “சரியா இருக்குக்கா” என்றார்.

தமிழருக்கும் சீனருக்கும் என்ன தொடர்பு என்று நான் துறவியையும் கப்பலையும் கொண்டுவந்து நிறுத்தினேனே... ஒரு ஊரில் பெண்ணைப் பெற்றவளும் இன்னொரு ஊரில் பிள்ளையைப் பெற்றவளும் கேட்கிற அந்த ஒரு கேள்வி என் பட்டியலில் இல்லவே இல்லை.

கீழே வண்டியில் மச்சினர் காத்திருந்தார். வழியனுப்பப் படிவரை போனேன். கஸ்தூரி அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, நிஜமான அக்கறையோடு கேட்டார்.

“சார், போன வாரம் நீங்க ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தீங்களே... நான் அசந்து தூங்கிட்டேன். அதுல எதுனா எனக்கு ஆவுறது இருந்துச்சா?”

“இல்லம்மா” என்றேன்.

என் வாழ்க்கையிலேயே நான் ஆற்றிய மிகச் சுருக்கமான உரை அது!